கேள்வி கேட்காமல் கைக்கு வந்த பணம்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

ஏழைக்குச் சும்மா பணம் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஆளாளுக்குக் கருத்துச் சொல்கிறார்கள். வாங்கிய வீட்டிலிருந்து யாரும் பேசக் காணோம். சரி, நானே ஆரம்பிக்கிறேன். நீங்களும் பார்த்ததை, பட்டதை எழுதுங்கள்.

எனக்கு அப்போது பதிமூன்று வயது. ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம். அப்பா, அம்மா, நான், தம்பி. ஒரு உதவித் திட்டத்தில் எங்கள் வீட்டைச் சேர்த்தார்கள். மாதாமாதம் அம்மா பெயரில் பணம் வரும், எதற்குச் செலவழித்தோம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அப்பா நம்பவே இல்லை. "பின்னாடி வட்டியோட கேட்பாங்க, தொடாதே" என்றார். மூன்று மாதப் பணம் அப்படியே கிடந்தது. நான்காவது மாதம் தம்பிக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தது. அன்று எடுத்ததுதான், பயம் போய்விட்டது.

எது பெரிய மாற்றம் என்று கேட்டால் களையெடுப்பைத்தான் சொல்வேன். கேட்பவர்களுக்குச் சப்பென்று இருக்கும். ஆனால் கூலிக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளுக்குப் புரியும். எல்லார் வயலிலும் ஒரே சமயத்தில்தான் களை முளைக்கும், கூலி வேலையும் அப்போதுதான் கிடைக்கும். அம்மா இருபது நாள் அடுத்தவர் வயலில் குனிந்துவிட்டு எங்கள் நிலத்துக்கு வரும்போது பயிர் எது, களை எது என்று தெரியாது. வருடாவருடம் இதே கதை. விளைச்சல் பாதியானதும் மழையைத் திட்டுவோம், பாவம் மழை.

அந்த வருடம் காலையில் கூலிக்குக் கூப்பிட ஆள் வந்தார். அம்மா எங்கள் வயலில் உட்கார்ந்திருந்தாள். களைக்கொத்தைக் கீழே வைக்காமலே, "நாலு நாள் கழிச்சு வரேன்" என்றாள். வந்தவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். அம்மா யாருக்கும் அப்படிப் பதில் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

அப்புறம் அறுவடை. விதைக்கும் உரத்துக்கும் கடன் கொடுத்த வியாபாரி சாக்கோடு களத்திலேயே வந்து நிற்பார். விலை சொல்வது அவர், எடை போடுவதும் அவர். ஊரே விற்கிற நேரத்தில் விலை தரையில் கிடக்கும், நாங்கள் அன்றைக்கே விற்போம். அந்த முறை விதைக்கடன் இல்லை. மூட்டைகளை வீட்டுக்குள் அடுக்கினோம். வீடு என்பது ஒரே அறை, அதனால் இரண்டரை மாதம் நானும் தம்பியும் மூட்டை மேல்தான் படுத்தோம். ஒரு மூட்டையை எலி குதறிவிட்டது. அப்பா தினமும் சந்தை நிலவரம் விசாரித்துவிட்டு வந்து "அன்னைக்கே வித்திருக்கலாமோ" என்று புலம்புவார். கடைசியில் நல்ல விலைக்கே போயிற்று. காசை எண்ணும்போது அவர் முகத்தில் சந்தோஷத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம்.

எல்லாம் நல்லபடி நடந்தது என்று கதை விட மாட்டேன். யாரோ பயன்படுத்திய மருந்துத் தெளிப்பான் ஒன்றை வாங்கினோம், இரண்டாம் நாளே மக்கர் செய்தது. அம்மா பெயரில் பணம் வருவது அப்பாவுக்கு உறுத்தியது. வாரக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேச ஆரம்பித்த பிறகும் கொஞ்ச நாள் "உன் பணம்" என்றுதான் சொன்னார்.

மறுமொழி

அக்கா எழுதியதைப் படித்ததும் என் பழைய படிவங்கள் ஞாபகம் வந்தன. இப்படிப் பணம் வாங்கிய விவசாயக் குடும்பங்களிடம் கேள்வித்தாளோடு போய் உட்கார்ந்தவன் நான். "இந்தப் பணத்தில் என்ன வாங்கினீர்கள்" என்று ஒரு கட்டம் இருக்கும். ஒரு பாட்டி விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் வாங்கல தம்பி. ஆட்டை விக்கல" என்றார். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? 'இதர' என்ற இடத்தில் எழுதினேன். மேலே இருந்தவர் அதை அடித்துவிட்டுப் பூஜ்யம் போட்டார்.

சந்திக்கிறவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "குடிச்சே தீர்த்திருப்பாங்களே?" உலக வங்கியின் ஆய்வாளர்கள் பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பணம் வந்ததால் குடியும் புகையிலையும் கூடியதாகத் தெரியவில்லை, பல இடங்களில் குறைந்தே இருந்தது. நான் போன வீடுகளில் குடிக்கிறவர் குடித்தார், குடிக்காதவர் புதிதாக ஆரம்பிக்கவில்லை.

கென்யாவில் ரரியேடா என்ற பகுதியில், ஏழைகளுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கும் கிவ்டைரக்ட்லி என்ற தொண்டு அமைப்பு 2011 முதல் கொடுத்த பணத்தைப் பற்றிய ஆய்வு எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதில் ஒரு பிரிவினருக்கு மொத்தமாகவும் இன்னொரு பிரிவினருக்கு ஒன்பது மாதத் தவணையாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். தவணையில் வாங்கிய வீடுகளில் பசி குறைந்தது. மொத்தமாக வாங்கியவர்கள் நீடித்து நிற்கும் பொருள்களில் போட்டார்கள். நிறையப் பேர் புல்கூரையை எடுத்துவிட்டுத் தகரம் போட்டார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது ஆடம்பரமாகத் தெரியலாம். புல்கூரையை அடிக்கடி மாற்ற வேண்டும், ஒவ்வொரு முறையும் அதற்குக் காசு வேண்டும் என்பது அதன் கீழே படுத்தவருக்குத்தான் தெரியும்.

களையெடுப்பு விஷயம் மத்தியப் பிரதேசத்திலும் வந்தது. 2011-ல் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு யுனிசெஃப் நிதியோடு அங்கே சில கிராமங்களில் ஆளுக்கு மாதம் 200 ரூபாய், குழந்தைக்கு 100 ரூபாய் என்று ஆரம்பித்தது. பிறகு தொகையைக் கூட்டினார்கள். கூலிக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு சொந்த நிலத்தைப் பார்க்கத் திரும்பினவர்கள் அங்கேயும் உண்டு. சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்று சொல்கிறவர்களின் கண்ணுக்கு, கூலிக்கு வராத அந்த நாள் மட்டும்தான் படுகிறது.

ஒரு கசப்பும் சொல்ல வேண்டும். அதே ரரியேடாவில் பணம் கிடைக்காத பக்கத்து வீட்டுக்காரர்களின் மனநிறைவு குறைந்தது. அவர்கள் கையிலிருந்து எதுவும் போகவில்லை, பார்த்துக்கொண்டிருந்ததே வலித்தது. பிறகு அதே நாட்டில் 653 கிராமங்களில், வீட்டுக்கு ஏறக்குறைய 1,000 டாலர் கொடுத்துப் பெரிதாகப் பார்த்தபோது, வாங்காத வீடுகளின் வரவும் ஏறியிருந்தது. கொடுத்த ஒரு டாலர் அந்த வட்டாரத்தில் சுமார் இரண்டரை டாலராகச் சுழன்றது, விலைவாசி ஏறவில்லை என்றே சொல்லலாம். ஆனாலும் பட்டியலில் பெயர் விட்டுப்போன வீட்டு வாசலில் கேள்வித்தாளோடு நிற்பது என்னவோ போலத்தான் இருக்கும்.

மறுமொழி

ஐயா, பட்டியலில் விட்டுப்போன வீடு எங்களுடையது. அப்பா குத்தகை விவசாயி. எங்களுக்குத் தெரிந்த திட்டத்தில் பணம் நிலத்தின் பெயரில் வந்தது. நிலம் யாருடையதோ அவர் கணக்கில் ஏறியது. அவர் நிலத்தை மிதித்தே பல வருடம் ஆகியிருந்தது. அதைக்கூட விட்டுவிடலாம். அடுத்த வருடம் குத்தகையைக் கூட்டினார், "இந்த நிலத்துக்கு இப்ப மதிப்பு ஏறிடுச்சு" என்றார். தெலங்கானாவில் 2018-ல் ரைத்து பந்து என்ற விவசாயிகளுக்கான உதவித் திட்டம் தொடங்கியபோதும் பட்டா வைத்திருப்பவருக்குத்தான் பணம், குத்தகைதாரர் அதில் வரவில்லை. கேட்காமல் கொடுக்கிறார்கள் என்கிறீர்கள். உழுகிறவர் யார் என்ற ஒரு கேள்வியையாவது கேட்டிருக்கலாம்.

அக்கா, உங்கள் வீட்டில் பணம் நின்ற பிறகு என்ன ஆனது? அதைச் சொல்லாமலே விட்டுவிட்டீர்களே.

மறுமொழி

தம்பி, உன் கோபம் நியாயம். எங்களுக்குத் துண்டு நிலமாவது சொந்தமாக இருந்தது.

இரண்டு வருடத்தில் நின்றுவிட்டது. நிற்கும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள், ஆனாலும் அந்த மாதம் அம்மா இரண்டு தடவை போய்க் கேட்டுவிட்டு வந்தாள். தெளிப்பான் மூலையில் துருப்பிடித்துக் கிடந்தது. அடுத்த விதைப்புக்கு அப்பா அதே வியாபாரியிடம் போனார். ஆனால் தேவையில் பாதிதான் வாங்கினார். மீதி விதையை அம்மா சாம்பல் கலந்து பானையில் போட்டுப் பரணில் வைத்திருந்தாள், எங்களுக்கே அது தெரியாது.

அறுவடையன்று அவர் சாக்கோடு வந்து நின்றார். அப்பா கடனுக்கு உண்டான மூட்டைகளை மட்டும் எண்ணிக் கொடுத்தார். மிச்சத்தை நானும் அம்மாவும் உள்ளே தூக்கினோம். எடை போடும்போது தம்பி தராசுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டான்.