ஐகிடோ: கோத்தேகயேஷியில் ஜோடி அசையவே மாட்டேங்கிறார், எங்கே தப்பு?

கேள்வி:
ஐகிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையில், வயிற்றுக்கு வரும் குத்துக்குக் கோத்தேகயேஷி (மணிக்கட்டைத் திருப்பி ஆளை வீழ்த்தும் உத்தி) பழகுகிறேன். எதிரே இருப்பவர் பலசாலி என்றால் மணிக்கட்டைத் திருப்பவே முடிவதில்லை. பிடியை இன்னும் இறுக்க வேண்டுமா?

பதில் 1:
இறுக்காதீர்கள். கோளாறு காலில்தான். நின்ற இடத்திலேயே கையைப் பிடித்தால் அவர் இரண்டு காலிலும் ஊன்றி நிற்பார். அவருடைய இடது கையும் சும்மா இருக்கும், அடுத்த குத்து உங்கள் முகத்துக்கு வரும்.

அவர் வலது கையால் குத்தும்போது உங்கள் இடது காலை அவருடைய வலது கைக்கு வெளிப்பக்கம் எடுத்து வையுங்கள். அதே காலை அச்சாக வைத்து, வலது காலைப் பின்னால் சுழற்றி, அவர் பார்க்கும் திசையையே பாருங்கள். இதுதான் டென்கான். உங்கள் இடது கை அவருடைய முன்கை மேலே வழுக்கி வந்து மணிக்கட்டில் நிற்க வேண்டும். பறந்து வரும் முஷ்டியைப் பிடிக்கப் போனால் தவறிவிடும். கட்டைவிரல் அவருடைய புறங்கையில், மோதிரவிரல் சுண்டுவிரல் முட்டிகளுக்கு நடுவே. பிடித்த கை உங்கள் தொப்புளுக்கு நேரே இருக்கட்டும். அதைவிட்டு விலகினால் தோள் பலத்தில்தான் இழுக்க வேண்டிவரும், அதில் பலசாலிதான் ஜெயிப்பார்.

அவர் எடை முன்காலுக்குச் சாய்ந்த அந்த நொடியில் இடது காலைப் பின்னுக்கு எடுத்து, வலது கையை அவர் விரல்கள் மேல் வைத்து, முன்கையை நோக்கி மடக்கியபடி அவருக்கு வெளிப்பக்கமாகக் கீழே இறக்குங்கள். மடக்காமல் பக்கவாட்டில் மட்டும் முறுக்கினால் தசைநார் பிசகும், ஆள் விழமாட்டார்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் விழத் தெரியாதவரிடம் வேகமாகச் செய்யவே கூடாது. முதலில் உகேமி, அதாவது அடிபடாமல் விழும் முறை. பின்னால் விழும்போது ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகை வளைத்து உருள வேண்டும். உள்ளங்கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டு போச்சு. முன்னுருளலில் சுண்டுவிரல் ஓரம் தரையைத் தொட்டு, தோளிலிருந்து எதிர் இடுப்புக்குக் குறுக்காக உருள வேண்டும். தோள் நுனி நேராக மோதினால் காறையெலும்பு முறியலாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. தனியாக எதைப் பழகலாம்?

பதில் 1:
டென்கான் மட்டும், இடமும் வலமும் மாறி மாறி. சுழன்று முடித்ததும் முதுகு நிமிர்ந்திருக்கிறதா, இரண்டு கையும் உங்களுக்கு முன்னாலேயே இருக்கின்றனவா என்று நின்று பாருங்கள். ஜோடியோடு செய்யும்போது அவரை உங்கள் மணிக்கட்டைப் பிடித்து நிற்க வைத்தே தொடங்குங்கள். நகரும் குத்து அப்புறம். அவர் தரையையோ தொடையையோ தட்டினால் அந்தக் கணமே விட்டுவிடுங்கள்.