ஆப்பிரிக்க நிலா விட்டிலும் ‘இறக்கைவால்’ என்னும் சொல்லும்

அன்பர்களுக்கு வணக்கம்.

ஆர்கெமா மிமோசே என்னும் இரவுப் பூச்சி (moth) இனத்துக்குத் தமிழ்ப் பெயராக முந்தைய மடலில் முன்மொழியப்பட்ட ‘ஆப்பிரிக்கப் பச்சை அந்து’ என்ற பெயரை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. அந்து என்றதும் நினைவுக்கு வருவது குதிரிலுள்ள நெல்லைப் பாழாக்கும் சிறு பூச்சிதான். விளக்கொளியை நாடி வரும் பெரிய பூச்சியை விட்டில் என்பதே நம் வழக்கு. ‘பச்சை’ என்ற அடையும் போதாது. சகாராவுக்குத் தெற்கே காணப்படும் யூக்ளோரான் மெகேரா என்னும் பருந்து விட்டிலின் (hawkmoth) முன்னிறக்கை இதைவிட அடர்ந்த பச்சை நிறமுடையது. அன்றியும், இந்த இனம் அடங்கும் நிலா விட்டில்களின் (moon moths) இளம்பச்சை, பாடம் செய்து வைத்த மாதிரிகளில் நாளடைவில் வெளிறிவிடும் என்பதால், பேழையில் உள்ள பழைய மாதிரியைப் பார்ப்பவருக்கு அந்தப் பெயரே தடையாகிவிடும். ‘ஆப்பிரிக்க நிலா விட்டில்’ என்பதே பொருந்தும்.

இதைவிடக் கவனமாகத் தீர்க்க வேண்டியது, பின்னிறக்கையிலிருந்து நீண்டு தொங்கும் உறுப்பின் பெயர். அதை வெறுமனே ‘வால்’ என்று எழுதினால் வயிற்றின் நுனியில் உள்ள ஏதோ ஓர் உறுப்பு என்றே வாசகர் கொள்வார். பருந்து விட்டில்களின் புழுவுக்கு உடலின் பின்முனையில் கொம்பு ஒன்று இருப்பதால், இரண்டையும் ஒரே நூலில் விவரிக்கும்போது குழப்பம் இன்னும் கூடும். இதுவோ இறக்கையின் சவ்வே செதிள்களோடு நாடாபோல நீண்டு அமைந்தது. ஆகவே ‘இறக்கைவால்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். இந்த இனத்தின் நெருங்கிய உறவான அமெரிக்க லூனா விட்டிலில், பறக்கும்போது சுழலும் இறக்கைவால்கள் எதிரொலியைக் கொண்டு இரையைத் தேடும் வௌவாலின் தாக்குதலை உடலை விட்டுத் தம்பக்கம் திருப்புவதை 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. இத்தகைய பணியைத் தனியே செய்யும் உறுப்புக்குத் தனிச்சொல் இருப்பது முறைதானே.

சொற்கள் எழுத்தில் எப்படி நிற்கின்றன என்று பார்க்க, விவரிப்பை இவ்வாறு எழுதிப் பார்த்தேன்:

‘ஆப்பிரிக்க நிலா விட்டில், 1847இல் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் புவாதுவால் விவரித்த இனம், ஆப்பிரிக்காவின் கிழக்கிலும் தெற்கிலும் வாழ்கிறது. விரித்த இறக்கைகளின் அகலம் ஏறத்தாழ 10 முதல் 12 செ.மீ. இறக்கைகள் மஞ்சள் கலந்த இளம்பச்சை. முன்னிறக்கையின் முன்விளிம்பு சாம்பல் நிறத்தில் மயிரடர்ந்து சொரசொரப்பாக இருக்கும். ஒவ்வோர் இறக்கையிலும் ஒரு கண்புள்ளி உண்டு. ஆணின் உணர்கொம்பு பெண்ணினதைவிட அகன்ற சீப்பு வடிவம். முதிர்ந்த பூச்சி உணவு உண்பதில்லை. புழு மருலா, தம்போட்டி முதலிய மரங்களின் இலையைத் தின்கிறது. அது நூற்கும் வெள்ளிநிறக் கூட்டில் சிறு துளைகள் காணப்படும். மடகாஸ்கரில் மட்டுமே வாழும் ஆர்கெமா மித்ரே இதைவிட மிகப் பெரியது, மஞ்சள் நிறமுடையது.’

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆக்டியாஸ் செலீனி என்னும் நிலா விட்டிலைப் பார்த்துப் பழகியவர்கள், செந்நிற முன்விளிம்பைக் கொண்டு அதை இதிலிருந்து எளிதில் பிரித்தறியலாம். ‘கண்புள்ளி’ என்பதை இறக்கையின் குறிக்கு மட்டுமே வைத்துக்கொண்டு, பூச்சிகளின் தலையிலுள்ள எளிய கண்ணைத் ‘தனிக்கண்’ என்று வழங்கலாம் என்பது என் கருத்து. ‘இறக்கைவால்’ குறித்து மறுப்பு இருப்பின், அருள்கூர்ந்து மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.