32 வயதில் நெஞ்சு இறுக்கம்: கேஸ் என்று விட்டுவிடலாமா, இப்போதே போகணுமா?

கடல்காற்று (கேள்வி)

வணக்கம். வயது 32, ஆண். சிகரெட் பழக்கம் கிடையாது, எடை கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். நேற்று மாலை மாடிப்படி ஏறும்போது நடு நெஞ்சில் ஒரு இறுக்கம். குத்தல் இல்லை, வலி என்றுகூடச் சொல்ல முடியாது, உள்ளே எதையோ வைத்து அழுத்தின மாதிரி இருந்தது. நின்றதும் சில நிமிடத்தில் போய்விட்டது, நானும் மறந்துவிட்டேன். இன்று காலை சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மறுபடியும் வந்தது, இந்தத் தடவை இடது கை கனத்துப்போய், நெற்றி எல்லாம் வேர்த்துவிட்டது. அசிடிட்டி மாத்திரை போட்டேன், கொஞ்சம் அடங்கியது. இதை எழுதும்போதும் லேசாக இருக்கிறது.

வீட்டில் வாயுப் பிடிப்பு என்கிறார்கள். நண்பன் வேலை டென்ஷன் என்கிறான், வேலையில் நெருக்கடி இருப்பதும் உண்மை. போன வருடம் ஆபீஸ் செக்கப்பில் இசிஜி, பிபி, சர்க்கரை எல்லாம் நார்மல். அப்பாவுக்கு 49 வயதில் அட்டாக் வந்தது, ஆனால் அவர் விடாமல் புகைத்தவர், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த வயதில் நெஞ்சுவலி என்று எமர்ஜென்சியில் போய் நின்று, கடைசியில் கேஸ் என்று சொல்லி அனுப்பினால் எவ்வளவு சங்கடம். இன்று ஞாயிறு, நாளை ஓபி-யில் காட்டிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். காத்திருக்கலாமா? இதேபோல் யாருக்காவது வந்திருக்கிறதா?

படித்துறை

காத்திருக்க வேண்டாம். இப்போதே ஆம்புலன்ஸுக்குக் கூப்பிடுங்கள், நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். மீதியை மருத்துவமனையில் உட்கார்ந்து படிக்கலாம்.

இரவுப்பணி

எமர்ஜென்சி வார்டில் வேலை பார்க்கிறேன். மேலே சொன்னவர் சொன்னதுதான் என் பதிலும், முதலில் கிளம்புங்கள். ஏன் என்று கீழே எழுதுகிறேன், உங்களுக்கு மட்டுமல்ல, இதே கேள்வியோடு தேடி வருகிறவர்களுக்கும் சேர்த்து.

நேற்று படி ஏறும்போது வந்தது, இன்று உட்கார்ந்திருக்கும்போதே வந்தது. நீங்கள் எழுதியதில் என்னை நிமிர வைத்தது இந்த மாற்றம்தான். புதிதாக ஆரம்பித்து, ஒரே நாளில் ஓய்விலும் வருகிற அளவுக்கு நெருங்கி வருகிற இறுக்கம், கூடவே கை கனம், வேர்வை. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாயில் அடைப்பு உருவாகிக்கொண்டிருந்தால் இப்படித்தான் இருக்கும். உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. வீட்டில் உட்கார்ந்துகொண்டு யாராலும் சொல்ல முடியாது.

அசிடிட்டி மாத்திரையில் அடங்கியதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மாரடைப்பின் இறுக்கமும் நடுவில் தானாகக் குறைந்து திரும்ப வரும், அந்த நேரம் பார்த்து மாத்திரை போட்டிருந்தால் மாத்திரைதான் கேட்டது என்று தோன்றும். போன வருட இசிஜியும் அப்படித்தான், அது அந்தச் சில நொடிகளில் இதயம் எப்படி இருந்தது என்பதை மட்டும் காட்டும். குழாய்ச் சுவரில் சின்னதாக ஒரு கொழுப்புப் படிவு இருந்து, அது இன்று வெடித்து அதன்மேல் ரத்தம் உறைந்தால், நேற்று வரை எந்தத் தொந்தரவும் இல்லாத குழாய் சில நிமிடங்களில் அடைத்துவிடும். நேற்று நார்மல் என்பதற்கும் இன்றைக்கும் சம்பந்தம் இல்லாமல் போவது அதனால்தான்.

அங்கே என்ன செய்வார்கள் என்றால், போனதும் 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள நடைமுறை. அப்புறம் ட்ரோபோனின் என்கிற ரத்தப் பரிசோதனை. இதயத்தசை அடிபட்டால் ரத்தத்தில் கலக்கிற புரதம் அது, ஏறுவதற்கு நேரம் எடுக்கும், அதனால் ஒரு தடவை பார்த்து அனுப்பமாட்டார்கள், சில மணி நேரம் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். முதல் இசிஜி நார்மலாக இருந்தாலும் வலி தொடர்ந்தால் மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

இன்னொன்று, இது எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. இளம் வயதினர் பலர் வந்து நின்றதும் முதல் வார்த்தையே "கேஸ்னு நினைக்கிறேன் சார், சும்மா ஒரு தடவை பார்த்துடலாம்னு வந்தேன்" என்றுதான் சொல்வார்கள். கூட்டம் நிறைந்த வார்டில் முதலில் காதில் விழுகிற வார்த்தைக்குப் பெரிய எடை உண்டு. நோயை நீங்கள் சொல்ல வேண்டாம், நடந்ததை மட்டும் சொல்லுங்கள்: "நெஞ்சில் இறுக்கம், நேற்று மாலை ஆரம்பித்தது, இன்று ஓய்விலும் வந்தது, இடது கைக்குப் போகிறது, வேர்த்தது, அப்பாவுக்கு 49-இல் மாரடைப்பு." இவ்வளவு போதும். அப்பாவின் வயதை விட்டுவிடாதீர்கள். அப்பா அல்லது கூடப்பிறந்த ஆணுக்கு 55 வயதுக்கு முன்னும், அம்மா அல்லது கூடப்பிறந்த பெண்ணுக்கு 65 வயதுக்கு முன்னும் வந்திருந்தால் அதைத் தனி ஆபத்துக் காரணியாகவே எடுத்துக்கொள்வார்கள், அவர் புகைத்தவராக இருந்தாலும் சரி.

எதையும் மறைக்கவும் வேண்டாம். ஆண்மைக்கான சில்டெனாஃபில் வகை மாத்திரை போட்டிருந்தால் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நாக்குக்கு அடியில் வைக்கிற நைட்ரேட் மருந்தோடு அது சேர்ந்தால் பிபி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். கொக்கைன் மாதிரி போதைப்பொருள் எதையாவது எடுத்திருந்தாலும் அப்படித்தான், அது இளம் வயது மாரடைப்புக்கே ஒரு காரணம், சிகிச்சையும் அதற்கேற்ப மாறும். நாங்கள் கேட்பது மருந்து கொடுக்க மட்டும்தான்.

ஆம்புலன்ஸ் வரும்வரை உட்கார்ந்தே இருங்கள், கதவைத் திறந்து வையுங்கள். ஆஸ்பிரின் பற்றி அவசர எண்ணில் பேசுகிறவரிடமே கேளுங்கள். ஒவ்வாமையோ ரத்தக்கசிவுப் பிரச்சினையோ இல்லாவிட்டால் பொதுவாக 300 மி.கி. வரை மென்று விழுங்கச் சொல்வார்கள். முதுகைக் கிழிக்கிற மாதிரி வலி இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அது இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனியின் கிழிசலாக இருக்கலாம், அதற்கு ஆஸ்பிரின் கெடுதல். அப்புறம், விடாமல் இருமினால் அட்டாக் நிற்கும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதை நம்பி ஒரு நிமிடம்கூட வீணாக்காதீர்கள்.

கடல்காற்று

படித்துவிட்டேன். மனைவியும் சத்தம் போடுகிறாள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று.

மலைப்பாதை

நல்லது தம்பி. நீங்கள் திரும்பி வந்து படிக்கும்போது இதையும் படியுங்கள்.

எனக்கு 36 வயதில் வந்தது. நெஞ்சில் பெரிதாக ஒன்றும் இல்லை, கீழ்த்தாடை இரண்டு பக்கமும் வலித்தது, பல் வலி என்றுதான் வீட்டில் பேசிக்கொண்டிருந்தோம். அப்புறம் வாந்தி, சில்லென்று வேர்வை, நிற்க முடியாத ஒரு அசதி. மனைவி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார், பக்கத்துவீட்டுக்காரர் தன் காரில் உடனே கொண்டுபோய்விடலாம் என்று வற்புறுத்தியும் கேட்கவில்லை. போகிற வழியில் ஆம்புலன்ஸுக்குள்ளேயே என் இதயம் தாளம் தப்பி நின்றுவிட்டது, அங்கேயே ஷாக் கொடுத்து மீட்டிருக்கிறார்கள். எனக்கு அது எதுவும் நினைவில் இல்லை, சொல்லித்தான் தெரியும். காரில் போயிருந்தால் அந்தக் கருவி இருந்திருக்காது. மாரடைப்பு வந்தவருக்கு முதல் மணி நேரங்களில் இப்படி ஆகும் ஆபத்து அதிகம், ஆம்புலன்ஸ் என்று எல்லாரும் அடித்துச் சொல்வது அதற்காகத்தான்.

பெரிய குழாய் ஒன்றில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை, பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு, அதை நம் இஷ்டத்துக்கு நிறுத்தினால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளும். இதயத்தசையில் ஒரு பகுதி செத்துப்போனது திரும்ப வராது என்று டாக்டர் நேராகவே சொன்னார். எவ்வளவு சீக்கிரம் குழாயைத் திறக்கிறார்களோ அவ்வளவு தசை மிஞ்சும். இப்போது நடக்கிறேன், வேலைக்குப் போகிறேன், சிகரெட்டை அன்றோடு விட்டாயிற்று.

வெண்சங்கு

எல்லாரையும் இப்படிப் பயமுறுத்துவது சரியா? எனக்கு 28, இரண்டு தடவை இதேபோல் வந்து போய்ப் பார்த்தேன், பானிக் அட்டாக் என்றார்கள். இளம் வயதில் நெஞ்சு வலி முக்கால்வாசி தசைவலி, அசிடிட்டி, பதற்றம்தான். இந்தத் திரியைப் படித்தால் பதற்றம் உள்ளவர்களுக்கு இன்னும் கூடும்.

இரவுப்பணி

நீங்கள் சொல்வது உண்மை சகோ, இந்த வயதில் வருகிற நெஞ்சு வலியில் பெரும்பான்மை இதயம் சம்பந்தப்பட்டது இல்லை. ஆனால் உங்களுக்குப் பானிக் அட்டாக் என்று தெரிந்ததே நீங்கள் போய்ப் பார்த்ததால்தானே. பானிக் அட்டாக்கில் படபடப்பு, விரல் நுனி மரத்துப்போவது, சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய் இறங்குவது எல்லாம் உண்டு, அதே வேர்வையும் மூச்சுத்திணறலும் மாரடைப்பிலும் உண்டு. முதல் தடவை வரும்போது எங்களாலேயே முகத்தைப் பார்த்துப் பிரிக்க முடியாது, இசிஜி வேண்டும். உங்களுக்குப் பழகின அறிகுறி பழகினபடியே வந்தால் உங்கள் டாக்டர் சொன்னதைச் செய்யுங்கள். புதிதாக வேறு மாதிரி இருந்தால், நடந்தால் கூடினால், கைக்கோ தாடைக்கோ போனால், மயக்கம் வந்தால், பழைய பெயரை வைத்துச் சமாதானம் ஆகாதீர்கள்.

அப்புறம், மாரடைப்பு இல்லை என்றாலும் அவசரமான வேறு சில விஷயங்கள் இளம் வயதில் வரும்: நுரையீரல் குழாயில் ரத்தக்கட்டி, ஒல்லியாக உயரமாக இருப்பவர்களுக்கு நுரையீரல் சுருங்கிப்போவது, காய்ச்சலுக்குப் பிறகு இதயத்தசையில் வருகிற அழற்சி. இவையும் வீட்டில் தெரியாது.

தாழம்பூ

பெண்கள் சார்பாக ஒன்று சேர்க்கிறேன், யாரும் இன்னும் சொல்லவில்லை. குழந்தை பிறந்து சில வாரங்களில் எனக்குத் தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரு வலி, மூச்சு வாங்கல், தலை சுற்றல். வயது 34. முதலில் பார்த்த இடத்தில் தூக்கமின்மை, பதற்றம், புதுத்தாய்க்கு இதெல்லாம் சகஜம் என்று சொல்லி இசிஜி எடுக்காமலே அனுப்பிவிட்டார்கள். அம்மாதான் விடாமல் வேறு மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே ட்ரோபோனின் ஏறியிருந்தது. எனக்கு கொலஸ்ட்ரால் இல்லை, பிபி இல்லை, சர்க்கரை இல்லை. இதயக் குழாயின் உள்சுவர் தானாகக் கிழிந்து ரத்தம் தேங்கி வழியை அடைத்திருந்தது, சுருக்கமாக ஸ்காட் என்பார்கள். அது பெரும்பாலும் பெண்களுக்கு வருவது, அதுவும் வேறு ஆபத்துக் காரணிகள் இல்லாதவர்களுக்கு, கர்ப்பகாலத்திலும் பிரசவத்துக்குப் பின்னும். என் விஷயத்தில் ஸ்டென்ட் தேவைப்படவில்லை, பல பேருக்கு அந்தக் கிழிசல் மருந்தோடும் கண்காணிப்போடும் தானே ஆறிவிடும்.

அதனால் "எனக்கு எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை, அதனால் இதயமாக இருக்காது" என்கிற கணக்கு பலிக்காது. பதற்றம் என்று சொன்னால், "சரி, இசிஜி எடுத்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், உங்களுக்காக வாய் திறந்து பேசக்கூடிய ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கடல்காற்று

எல்லாருக்கும் நன்றி, வீட்டுக்கு வந்துவிட்டேன். இசிஜி இரண்டு தடவை எடுத்தார்கள், ட்ரோபோனினும் இரண்டு தடவை, எல்லாம் நார்மல். இரவு முழுக்க மானிட்டரில் வைத்திருந்து மறுநாள் சிடி ஸ்கேனில் இதயக் குழாய்களைப் பார்த்தார்கள். அடைப்பு இல்லை, ஒரு குழாயில் மட்டும் லேசான படிவு ஆரம்பித்திருக்கிறதாம். அந்த இறுக்கம் உணவுக்குழாய்ப் பிடிப்பாக இருக்கலாம் என்று அதற்குத் தனி மருந்து கொடுத்திருக்கிறார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. டியூட்டி டாக்டர், திரும்ப வந்தால் யோசிக்காமல் வாங்க என்று இரண்டு தடவை சொன்னார்.

நான் எதிர்பார்க்காதது வேறு. எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் 214. ஆபீஸ் செக்கப்பில் கொலஸ்ட்ராலே பார்க்கவில்லை என்று இப்போதுதான் கவனித்தேன். பரம்பரையாக வருவதாக இருக்கலாம், அப்பாவின் 49 வயது அட்டாக்குக்கு சிகரெட் மட்டும் காரணம் இல்லாமல் இருக்கலாம் என்றார் டாக்டர். கொலஸ்ட்ராலைக் குறைக்கிற ஸ்டாட்டின் மாத்திரை ஆரம்பித்தாயிற்று. எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள், 27 வயது, ஒரு தொந்தரவும் இல்லை. அவளும் பார்க்கணுமா?

இரவுப்பணி

கேட்கவே நிம்மதியாக இருக்கிறது. தங்கை கட்டாயம் பார்க்கணும். எல்டிஎல் 190-க்கு மேல் போனாலே இந்தப் பரம்பரைக் கோளாறைச் சந்தேகிக்க வேண்டும், ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது, நிறையப் பேருக்குத் தெரியாது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. வெளியே ஒரு அறிகுறியும் இருக்காது, பிறந்ததிலிருந்து குழாய்களில் சேர்ந்துகொண்டே இருக்கும், அதனால்தான் இளம் வயதிலேயே அட்டாக்கில் கொண்டுபோய் விடுகிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்தால் நன்றாகவே கட்டுப்படுத்தலாம். உங்களுக்குக் குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கு எப்போது பார்ப்பது என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், சிறு வயதிலேயே பார்ப்பார்கள்.

தங்கைக்கு ஸ்டாட்டின் தேவைப்பட்டால், கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறாளா என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லணும், அப்போது பெரும்பாலும் நிறுத்தச் சொல்வார்கள். லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) பரிசோதனையோடு, பரம்பரையாக வருகிற இன்னொரு கொழுப்பான லிப்போபுரோட்டீன் ஏ என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், அது வாழ்க்கையில் ஒரு தடவை பார்த்தால் பொதுவாகப் போதும். வெறும் வயிற்றில் போகணுமா என்று லேபிலேயே கேட்டுக்கொள்ளட்டும், எல்டிஎல்லுக்குப் பெரும்பாலும் அவசியம் இல்லை.