மறு: போர்க்கைதியா, தடுப்புக் கைதியா?

> குவாண்டானமோவில் அடைத்தவர்களையும் 'போர்க்கைதி' என்றே எழுதலாமே. புதுச்சொல் எதற்கு?

எழுதலாம் ஐயா, ஆனால் 'war detainee' (போரை ஒட்டிப் பிடித்து அடைத்து வைக்கப்பட்டவர்) என்பதற்கும் அந்தச் சொல்லையே போட்டால் சர்ச்சையே காணாமல் போய்விடும். கியூபாவில் அமெரிக்கா நடத்தும் அந்தச் சிறை முகாமில் 2002 ஜனவரி 11 அன்று முதல் 20 பேரை இறக்கியபோது, இவர்கள் போர்க்கைதிகள் அல்லர் என்பதுதான் அமெரிக்க அரசின் வாதமே.

1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையில் போர்க்கைதி என்பது ஒரு தகுதி. விசாரணையில் பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண் சொன்னால் போதும். மேற்கொண்டு வாயைத் திறக்க வைக்க அடிக்கவோ மிரட்டவோ கூடாது. சண்டை ஓய்ந்ததும் ஊருக்கு அனுப்பிவிட வேண்டும். இதையெல்லாம் மறுத்து உட்கார வைத்த ஆளுக்கு நாமே அந்தப் பெயரைச் சூட்டினால், படிப்பவருக்குப் பிரச்சினை என்னவென்றே புரியாது.

அமெரிக்கர்கள் இவர்களுக்கு வைத்த 'enemy combatant' என்ற பெயருக்கு இங்கே வந்த 'எதிரிப் போராளி'யும் எனக்கு ஒட்டவில்லை. தமிழில் போராளி என்றாலே பாதிப் பாராட்டு. ஓட்டுநர், பெறுநர் மாதிரி 'போரிடுநர்' என்றால் நிறமில்லாமல் இருக்கும். ஆனால் அதுவும் எல்லோருக்கும் பொருந்தாது. குவாண்டானமோவில் அடைபட்டிருந்த அல்ஜீரியர் பூமெதியன் பிடிபட்டது ஆப்கன் போர்க்களத்தில் அல்ல, போஸ்னியாவில். அவர் பெயரால் நடந்த வழக்கில்தான் 2008இல், குவாண்டானமோவில் இருப்பவர்களுக்கும் ஆட்கொணர்வு மனு போடும் உரிமை உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று தீர்ப்பளித்தது. (ஆட்கொணர்வு! ஆளைக் கொண்டுவந்து நிறுத்து என்பதை ஒரே சொல்லில் அடக்கியவருக்கு ஒரு கும்பிடு.)

சரி, இப்படி அடைபட்ட எல்லோருக்கும் பொருந்தும் பொதுப்பெயர் என்ன? 'போர்த் தடுப்பாளர்' வேண்டவே வேண்டாம், அவர் போரைத் தடுக்கிறவர். 'போர்க்காவலர்' என்றால் போலீஸ்காரர் வந்து நிற்பார். தண்டனைக் கைதி, விசாரணைக் கைதி வரிசையில் 'தடுப்புக் கைதி' என்பதே என் ஓட்டு. கைதி அரபு வழி வந்த சொல் என்று ஒருவர் முகம் சுளித்திருந்தார். சுளிக்கட்டும், அது எப்போதோ நம் வீட்டுச் சொல்லாகிவிட்டது. தடுப்பு என்றதும் குண்டர் சட்டம் நினைவுக்கு வருமே என்றால், வரட்டும். குற்றத்தை நிரூபிக்காமலே உள்ளே வைப்பது இரண்டுக்கும் பொதுதானே.

முன்னொட்டில்தான் தடுமாறுகிறேன். 'போர்த் தடுப்புக் கைதி' என்றால் போரைத் தடுக்கப்போய்க் கைதானவர் என்றும் படிக்கலாம். 'போர்க்காலத் தடுப்புக் கைதி'யில் அந்தக் குழப்பம் இல்லை, நீளம்தான் இடிக்கிறது. யாராவது சுருக்கித் தாருங்களேன்.