சாகஸ் இரும்பாலை: எதில் தொடங்கிப் பார்ப்பது?

பாஸ்டனுக்கு வடக்கே உள்ள சாகஸ் இரும்பாலைக்குப் போகிறோம். 1646-ல் தொடங்கியது என்று தெரியும். எந்த வரிசையில் பார்த்தால் வேலை புரியும்? வார்ப்பிரும்பை ஏன் மறுபடியும் உருக்கினார்கள்?

மறுமொழி 1:
ஊது உலையில் தொடங்குங்கள். சதுப்பு நிலத் தாது, மரக்கரி, கசடு பிரிக்கக் காப்ரோ என்ற கரும்பாறைக் கல் மூன்றையும் மேலிருந்து கொட்டுவார்கள். நீர்ச்சக்கரம் துருத்திகளை இயக்கும். வழக்கமான சுண்ணாம்புக் கல்லுக்குப் பதில் பக்கத்து ஊரான நஹான்ட்டில் கிடைத்த காப்ரோவைப் போட்டதுதான் இந்த ஆலையின் தனித்தன்மை. காற்று நின்றால் உலைக்குள்ளேயே இரும்பு உறைந்துவிடும், அதனால் இரவும் பகலும் ஊதினார்கள். உருகிய இரும்பை ஊற்றும் வார்ப்பு மணலில் ஈரம் மிகுந்தால் நீராவி கிளம்பி இரும்பு தெறிக்கும்.

மறுமொழி 2:
வார்ப்பிரும்பில் கரி (கார்பன்) அதிகம், அடித்தால் உடையும். பட்டறையில் காற்றூதி உருக்கிக் கரியை எரித்து, பெரிய சம்மட்டியால் அடித்துக் கசடைப் பிழிந்தால்தான் வளையும் தேனிரும்பு. அடுத்து உருட்டிப் பிளக்கும் ஆலை: பட்டையை ஆணிக்கம்பிகளாகக் கீறுவது அங்கேதான்.

மறுமொழி 3:
இப்போதுள்ள ஆலைக் கட்டடங்கள் அகழாய்வுக்குப் பின் எழுப்பிய மறுகட்டுமானம், 1954-ல் திறந்தது. ஆற்றோரக் கசடுக் குவியல் அசல். கசடுத் துண்டின் உடைந்த பக்கம் கண்ணாடிபோல் மின்னும். தேசியப் பூங்கா என்பதால் ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது. அனுமதி இலவசம், ஆனால் குளிர்காலத்தில் கட்டடங்கள் மூடியிருக்கும். சக்கரம் சுழலும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.