அத்தை, 111 தான் இருக்கு

குழு: நம்ம வீடு

காலை 7:12

ரேவதி (டொராண்டோ): பெரியத்தை, முழிச்சிருக்கீங்களா?

ரேவதி: 114 இருக்கணும். 111 தான் இருக்கு. மூணு தடவ எண்ணிட்டேன்

கார்த்தி: என்னக்கா, பணமா?

ரேவதி: கண்ணிடா, ஊசில மாட்டியிருக்கற நூல் லூப். அண்ணியோட பாப்பாவுக்கு நான் பின்ற ஷால். லேஸ்

மாமா: லேஸ்னா பாவாடை ஓரத்துல வச்சுத் தைப்பாங்களே அதுவா?

ரேவதி: இல்ல மாமா. உல்லன்லயே ஓட்டை ஓட்டையா டிசைன் விழற மாதிரி பின்றது. ஓல்டு ஷேல்னு பேரு, ஸ்காட்லாந்தோட வடகோடில இருக்கற ஷெட்லாந்து தீவுக்காரங்க டிசைன். ஒரு டிசைனுக்கு 18 கண்ணி. ஆறு டிசைன் 108, ரெண்டு ஓரத்துக்கும் மூணு மூணு

மாமா: 108! நல்ல எண்ணாச்சே

பெரியத்தை (குன்னூர்): ஊசிய உருவிட்டியா?

ரேவதி: இல்ல அத்தை. ஒரு வரிசை மட்டும் பிரிச்சேன். எது ஓட்டை எது கண்ணின்னே தெரியல, பயந்து நிறுத்திட்டேன்

பெரியத்தை: நல்ல வேலை. ஊசி நுனில ரப்பர் பேண்ட் சுத்தி வை. பால் பொங்குது, வரேன்

கார்த்தி: ஒரு கண்ணி விட்டா குரோஷா ஊசில தூக்கிக்கலாம்னு அம்மா சொல்லுவாங்களே?

ரேவதி: சுவெட்டர்ல தூக்கலாம்டா. ஏணிப்படி மாதிரி நேரா இறங்கியிருக்கும். இதுல ஓட்டைங்கிறதே ஊசி மேல சும்மா சுத்தின நூல்தான். பிரிச்சா அது இருந்த இடமே தெரியாது. ரெண்டு கண்ணிய ஒண்ணா சேர்த்த இடம் வேற பக்கத்துலயே இருக்கு. ஒண்ண இழுத்தா நாலு ஆடுது

7:31

பெரியத்தை: எத்தனாவது வரிசை?

ரேவதி: 46வது வரிசை முடிச்சப்புறம் எண்ணினேன். இப்ப 45ல நிக்குது

பெரியத்தை: காவல் நூல் எங்க போட்டிருக்க?

ரேவதி: ...

பெரியத்தை: போடலையா

ரேவதி: இங்க லைஃப்லைன்னு சொல்றாங்க. கார்த்தி, ஒரு வரிசைக் கண்ணிக்குள்ள எல்லாம் கோத்து வைக்கற தனி நூல்டா, தப்பிப் பிரிச்சா அதுல வந்து நின்னுடும். நாலு வரிசைல ஒரு வரிசைதானே ஓட்டை, ஈசின்னு விட்டுட்டேன் அத்தை

பெரியத்தை: ஈசியான டிசைன்லதான் டிவி பாத்துட்டே பின்னுவோம். சரி விடு. ஒவ்வொரு டிசைனையும் தனியா எண்ணு. எதுல 18 இல்ல?

ரேவதி: மூணாவதுல 15

பெரியத்தை: அப்ப 43ல, ஆறு தடவ நூல் சுத்த வேண்டிய இடத்துல மூணு தடவதான் சுத்தியிருக்க. அதுக்கு முன்னாடி 41 ஓட்டையே இல்லாத முழு பிளெயின் வரிசை. அதைக் கண்டுபிடி. மேடு தட்டின வரிசைக்கு நேர் மேல, வழவழன்னு இருக்கும்

ரேவதி: இருக்கு

பெரியத்தை: 4 மி.மீ ஊசில பின்றியா? 2.5 எடு. நல்ல பக்கத்தை உன் பக்கம் வச்சுக்கோ. ஒவ்வொரு கண்ணிக்கும் ரெண்டு கால் இருக்கும். வலது காலுக்கு அடியில மட்டும் ஊசிய விட்டுட்டே போ. கடைசில 114 வரணும். வராம எதையும் பிரிக்காதே

ரேவதி: பிரிக்காமயே கீழ் வரிசைல ஊசி விடலாமா!

பெரியத்தை: விடலாம். கண்ணு வலிக்கும். முன்னாடியே நூல் போட்டிருந்தா அஞ்சு நிமிஷ வேலை

மாமா: உங்க அத்தை கல்யாணமான புதுசுல எனக்கு ஒரு மஃப்ளர் பின்னினா. ஆறு தடவ பிரிச்சா. அந்த வருஷக் குளிர் போயே போச்சு

பெரியத்தை: அப்ப எனக்கு காவல் நூல் போடத் தெரியாது. கான்வென்ட் சிஸ்டர் பிளெயின், பர்ல்னு ரெண்டு அடிப்படைப் பின்னல் சொல்லிக் குடுத்தாங்க. தப்பினா முழுசா பிரின்னுதான் சொன்னாங்க. நூல் போடறது நானா பட்டுத் தெரிஞ்சுகிட்டது

8:54

ரேவதி: 113

ரேவதி: இருங்க, ஓரத்துல ஒண்ணு விட்டிருக்கேன். 114!!

கார்த்தி: இந்தியா ஜெயிச்ச மாதிரி இருக்கு

பெரியத்தை: இப்ப மேல் ஊசிய உருவிட்டு மெதுவா இழு. அந்த ஊசி வந்ததும் தானா நின்னுடும்

ரேவதி: நின்னுடுச்சு அத்தை. கை நடுங்குது

பெரியத்தை: 44வது வரிசைய முடிச்சு, கண்ணிய எண்ணிட்டு, காவல் நூல் போட்டுட்டுத்தான் மேல போகணும். ஓட்டை வரிசை முடிச்ச கையோட போடாதே, சுத்தின நூல் எல்லாம் ஊசி மேல லூசா நிக்கும்

ரேவதி: பல்லு இடுக்குல விடற ஃப்ளாஸ் போடலாம்னு சொல்றாங்களே?

பெரியத்தை: வழுக்கிட்டு நல்லாதான் போகும். மெழுகு தடவாததா பாரு. புதினா வாசனை வேண்டாம், பிள்ளை சப்பும். நான் குரோஷா காட்டன் நூல்தான் போடுவேன். வெளிர் நீலம், மஞ்சள் மாதிரி. வெள்ளை ஷால்ல சிவப்பு போட்டு, நனைக்கும்போது சாயம் இறங்கினா என்ன பண்ணுவ? தையல் நூல் கண்ணிக்குள்ள புதைஞ்சிடும்

பெரியத்தை: முனை மழுங்கின ஊசில கோத்து, பின்ற ஊசில நிக்கிற கண்ணிக்குள்ள விடு. உல்லனைக் குத்திட்டுப் போகக் கூடாது. ரெண்டு பக்கமும் ஒரு சாண் விடு, இல்லேன்னா உருவிக்கும்

ரேவதி: என்னோடது கழட்டி மாட்டற ஊசி. கழுத்துல குட்டி ஓட்டை இருக்கு. அதுல நூலைக் கட்டிட்டா, பின்னப் பின்ன நூலும் கூடவே போயிடுமாம்

பெரியத்தை: அப்படியா! அது எனக்குத் தெரியாது. செஞ்சு காட்டு

அண்ணி (ஒட்டாவா): நான் எல்லாத்தையும் படிச்சிட்டுதான் இருக்கேன். சர்ப்ரைஸ்னு சொன்ன ஞாபகம்

ரேவதி: அண்ணி நீங்க எதையும் பாக்கல

மறுநாள் காலை 6:48

ரேவதி: [படம்] நீல நூல், 44வது வரிசை. எண்ணிட்டேன், 114. அந்தக் குட்டி ஓட்டைலயே கட்டினேன், தானா போயிடுச்சு

மாமா: ஜோர்

கார்த்தி: அக்கா செம

பெரியத்தை: பெரிசு பண்ணிப் பாத்தேன். டிசைனுக்கு டிசைன் நடுவுல அடையாளத்துக்கு மாட்டியிருக்கியே பிளாஸ்டிக் வளையம், அதுக்குள்ளயும் நூல் போயிருக்கு

ரேவதி: ஐயோ. ஏழு வளையமும்!

பெரியத்தை: அது ஊசி மேலதானே உக்காந்திருக்கு, நூல் அதையும் கோத்துக்கிட்டுப் போயிடுச்சு. இனி மேல் வரிசைக்கு ஏறாது. நூலை உருவிடாதே, வளையம் அங்கயே தொங்கட்டும். சேஃப்டி பின் மாதிரி திறக்கற வளையம் கிடைக்கும், அதுல ஏழு வாங்கு