மறு: ‘கவுன்சல்’, ‘டெசிக்னேட்டட் ரெப்ரசன்டேட்டிவ்’: இரண்டுக்கும் ‘பிரதிநிதி’ வேண்டாம்

வணக்கம் தம்பி, வணக்கம் ஐயா,

> கவுன்சல் = சட்டப் பிரதிநிதி
> டெசிக்னேட்டட் ரெப்ரசன்டேட்டிவ் = நியமனப் பிரதிநிதி
> இந்த இரண்டையும் குழு உறுதிசெய்தால் துண்டறிக்கையை முடித்துவிடலாம்.

தம்பி, கொஞ்சம் பொறுங்கள். இந்த இரண்டு ஆங்கிலச் சொல்லுக்கும் நீங்கள் வைத்த தமிழ், அகராதியை வைத்துப் பார்த்தால் பிழையில்லை. ஆனால் இந்தத் துண்டறிக்கை கனடாவில் அகதிக் கோரிக்கை வைத்துவிட்டுக் காத்திருக்கிற ஒருவர் கைக்குப் போகப்போகிறது. அங்கே இரண்டு பேருமே ‘பிரதிநிதி’ என்றால் அவர் யார், இவர் யார் என்று அவருக்குப் பிடிபடாது. பிடிபடாமல் போனால் வருகிற கேடு சின்னதில்லை.

சட்டத்தையே பாருங்கள். குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டம், 167ஆம் பிரிவு. அகதிக் கோரிக்கைகளைக் கேட்டு முடிவெடுக்கிற குடிவரவு அகதிகள் சபையின் முன் வழக்கு நடக்கிற எவரும் தன் சொந்தச் செலவில் ஒரு சட்டத்தரணியையோ வேறொரு கவுன்சலையோ வைத்துக்கொள்ளலாம் என்பது முதல் உட்பிரிவு. இரண்டாவது உட்பிரிவு முற்றிலும் வேறு விசயம். 18 வயது ஆகாதவர் என்றால், அல்லது நடப்பது என்னவென்று விளங்கிக்கொள்ளும் நிலையில் அவர் இல்லையென்று சபை கருதினால், அவருக்காகச் சபையே ஒருவரை நியமித்தாக வேண்டும். ஆக, முதலாமவர் நீங்கள் தேடிப் பிடிக்கிறவர், நீங்கள் சொல்வதைக் கேட்டு நடக்கிறவர். இரண்டாமவர் சபை நியமிக்கிறவர், உங்கள் இடத்தில் நின்று முடிவெடுக்கிறவர். லோயர் வைப்பதா, யாரை வைப்பது, என்ன சாட்சியம் கொடுப்பது, தோற்றால் மேன்முறையீட்டுக்குப் போவதா என்பதெல்லாம் அவர் கையில். பெற்றோரோடு வந்த பிள்ளைக்குப் பெரும்பாலும் தாயோ தகப்பனோதான் இந்த இடத்துக்கு வருவார்; தனியாக வந்த பிள்ளைக்கு வெளியாள் வருவார்.

அப்படித் தனியாக வந்த ஒரு பையனுக்கு உரைபெயர்க்கப் போயிருந்தேன். பக்கத்தில் லோயர், எதிரே சபை நியமித்த பெண்மணி. முதல் சந்திப்பில் வேறு யாரோ அவனுக்கு இரண்டு பேரையும் ‘உம்முடைய பிரதிநிதி’ என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவன் அந்தப் பெண்மணியை அரசாங்க ஆள் என்று எடுத்துக்கொண்டு, லோயருக்குச் சொன்னதில் பாதியை அவவுக்கு மறைத்திருந்தான். கேட்டபோது, “ரெண்டு பேரும் பிரதிநிதி எண்டா முழுக்கதையையும் நான் ஆருக்குச் சொல்லுறது?” என்றான். அன்றைக்கு அது ஹியரிங்குக்கு (சபையின் நேரடி விசாரணைக்கு) முன்பே வெளிவந்தது நல்லகாலம். ஏனென்றால் அகதி வழக்கு பெரும்பாலும் ஒரே ஒரு கேள்வியில்தான் நிற்கிறது: இந்த ஆள் சொல்வதை நம்பலாமா? கோரிக்கைப் படிவத்தில் எழுதியது ஒன்று, ஹியரிங்கில் வாயால் சொன்னது இன்னொன்று என்றால் முடிந்தது. 1985இல் கனடா உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில், நம்பகத்தன்மை கேள்விக்குள்ளாகும் இடத்தில் கோரிக்கையாளரை நேரில் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்று சொன்னதன் அடிப்படையே இதுதானே. நேரில் கேட்கிற உரிமை வந்ததால்தான் பக்கத்தில் இருக்கிறவர் யார் என்பதும் இவ்வளவு முக்கியமாகிறது.

> கவுன்சலுக்கு ‘வழக்குரைஞர்’ போதும். இலங்கை நண்பர்களுக்காக அடைப்பில் ‘சட்டத்தரணி’ போடலாம்.

ஐயா, உங்கள் கருத்தை மதிக்கிறேன். ஆனால் இந்தச் சபையில் கவுன்சல் என்றால் வழக்குரைஞர் மட்டும் இல்லை. காசு வாங்கிக்கொண்டு முன்னிலையாகக் கூடியவர்களை அதே சட்டத்தின் 91ஆம் பிரிவு சொல்கிறது: சட்டத்தரணி, ஒன்ராறியோவில் சட்டச் சங்கத்தின் உரிமம் பெற்ற பாராலீகல் (லோயர் அல்லாத சட்டப் பணியாளர்), கியூபெக்கின் நோட்டேர், ‘கல்லூரி’ என்று பெயர் கொண்ட குடிவரவு ஆலோசகர் ஒழுங்குமுறை அமைப்பிடம் உரிமம் பெற்ற ஆலோசகர். காசு வாங்காமல் என்றால் கோவில் நண்பரோ சித்தப்பாவோ வந்து நிற்கலாம், அதற்கென்றே தனிப் படிவம் இருக்கிறது. இத்தனை பேரையும் ‘வழக்குரைஞர்’ என்று எழுதினால், ஆலோசகரிடம் போகிற சனம் தாங்கள் லோயரிடம் போனதாகவே நினைத்துக்கொள்ளும். இப்போதே அந்தக் குழப்பம் நிறைய இருக்கிறது.

இன்னொன்று, சென்னையில் இருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. இலங்கையில் எங்கள் ஊரில் நொத்தாரிசு என்றால் காணி உறுதி எழுதுகிற ஆள், அநேகமாக அவரே சட்டத்தரணியாகவும் இருப்பார். அந்தப் பழக்கத்தில் இங்கே ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு கடை வாசலில் ‘நோட்டரி பப்ளிக்’ என்று பலகை தொங்கினால் உள்ளே இருப்பவர் வழக்குப் பேசுவார் என்று நம்பிவிடுகிறார்கள். அவர் கையொப்பத்தை உறுதிப்படுத்தவும் சத்தியக் கடதாசி முடிக்கவும் மட்டுமே அதிகாரம் உள்ளவராக இருக்கலாம். அங்கே வைத்து யாரோ கதையை எழுதி, படிவத்தை நிரப்பி, பெயரே போடாமல் அனுப்பிவிடுவார்கள். ஹியரிங் நாளில் பார்த்தால் பக்கத்துக் கதிரையில் ஒருவரும் இல்லை. கியூபெக்கின் நோட்டேர் முறையாகப் படித்த சட்டத்துறையாளர், ஆகவே அவரையும் நொத்தாரிசு என்று எழுதிவிடாதீர்கள். ‘கியூபெக் நோட்டேர்’ என்றே விடுங்கள்.

‘சொந்தச் செலவில்’ என்ற இரண்டு சொல்லையும் துண்டறிக்கையில் விட்டுவிட்டீர்கள் தம்பி. அதைக் கட்டாயம் போடுங்கள். கூடவே லீகல் எயிட் (காசில்லாதவருக்கு அரசுப் பணத்தில் கிடைக்கிற சட்ட உதவி) பற்றியும் போடுங்கள், இல்லாவிட்டால் காசில்லாதவர் அந்த வரியோடு நின்றுவிடுவார். அந்த உதவியும் கல்லில் எழுதி வைத்ததில்லை. 2019 ஏப்ரலில் ஒன்ராறியோ அரசு லீகல் எயிட்டின் பணத்தில் ஏறக்குறைய 30 வீதத்தை வெட்டியது, அகதி வழக்குகளுக்கு மாகாணப் பணம் இல்லையென்று ஆகிப்போனது. ஓகஸ்டில் மத்திய அரசு 2 கோடி 57 இலட்சம் டொலரைக் கொடுத்ததால்தான் அந்த வருடம் தப்பினோம். நீங்கள் அமெரிக்கத் துண்டறிக்கைகளையும் பார்த்து எழுதியிருப்பது தெரிகிறது. அங்கே நாடுகடத்தல் வழக்கில் லோயர் வைக்கலாம், அரசுக்குச் செலவில்லாமல் என்று சட்டமே சொல்லிவிடுகிறது; நியூயோர்க்கில் 2013இல் நகரப் பணத்தில் தடுப்பிலுள்ளவர்களுக்கு லோயர் கொடுக்கத் தொடங்கியதெல்லாம் தனி ஏற்பாடு. இரண்டு நாட்டையும் ஒரே தாளில் கலக்க வேண்டாம்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். கவுன்சலுக்கு ‘வழக்குத் துணைவர்’ என்று முதலில் நினைத்தேன். ஆனால் இங்கே எல்லாத் தமிழ்ப் படிவத்திலும் துணைவர் என்றால் கணவனோ மனைவியோதான், ஆகவே சரிவராது. ‘ஆலோசகர்’ ஏற்கெனவே குடிவரவு ஆலோசகருக்குப் போய்விட்டது. இலங்கைப் பத்திரிகைகளில் ‘சார்பில் சட்டத்தரணி முன்னிலையானார்’ என்று நாள்தோறும் எழுதுகிறார்கள், அதிலிருந்து ‘முன்னிலையாளர்’ எடுக்கலாமா? சபை நியமிக்கிற மற்றவருக்கு ‘வழக்குக் காப்பாளர்’ என்று வைத்திருக்கிறேன். எந்தச் சொல்லை எடுத்தாலும் சரி, இரண்டுக்கும் தலைச்சொல் வேறாக இருக்க வேண்டும். அதில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன்.

அன்புடன்,
ரொறன்ரோவிலிருந்து

----------

அக்கா, வணக்கம்.

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. தலைச்சொல் வேறாக இருக்கணும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ‘முன்னிலையாளர்’ மட்டும் எனக்கு இடிக்கிறது. இங்கே பள்ளிக்கூடத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று படித்த காதுக்கு அது ‘நீ’ என்று எதிரே நிற்கிறவரைத்தான் சொல்லும். அப்புறம், கோர்ட்டில் கட்சிக்காரரும்தான் ஆஜராகிறார், முன்னிலையாகிறார். அவரை என்ன சொல்வது? ‘சார்புரைஞர்’ என்று வைத்தால் என்ன? சார்பில் உரைப்பவர். வழக்குரைஞர் என்ற சொல்லோடு ஓசையில் சேர்ந்தும் போகிறது, ஆனால் அதே சொல் இல்லை.

‘காப்பாளர்’ என்றால் எங்கள் பக்கம் விடுதிக் காப்பாளர் நினைவுதான் வரும். தடுப்பில் இருக்கிறவருக்கு அது காவல் போல ஒலிக்காதா? ‘வழக்குப் பொறுப்பாளர்’ எளிமையாக இருக்கிறதே.

----------

தம்பி,

சார்புரைஞர் நல்ல சொல், என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. ‘சார்பு’ என்றால் பக்கச்சார்பு என்று யாராவது குறைசொல்லலாம். சொல்லட்டும். அந்த அறையில் சபை உறுப்பினர் நடுநிலை, உரைபெயர்ப்பாளர் நடுநிலை. கோரிக்கையாளரின் பக்கம் நிற்பதே தொழிலாக உள்ள ஆள் இவர்தான், அது பெயரிலேயே தெரிவது நல்லது.

ஆனால் ‘பொறுப்பாளர்’ வேண்டவே வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். ஈழத்தில் இருந்து வந்த ஒருவருக்குப் பொறுப்பாளர் என்றால் முதலில் மனதில் வருவது விடுதலைப் புலிகள் இயக்கப் பொறுப்பாளர். அரசியல்துறைப் பொறுப்பாளர், வட்டப் பொறுப்பாளர் என்றுதான் அந்தச் சொல் அங்கே புழங்கியது. கனடா 2006இல் புலிகளைத் தடைப்பட்டியலில் சேர்த்தது, இயக்க உறுப்பினர் என்று கண்டால் 34ஆம் பிரிவின்படி அகதிக் கோரிக்கையே கேட்கப்படாமல் போகலாம். 2010இல் இலங்கைத் தமிழர்களோடு கனடாவுக்கு வந்த சன் சீ கப்பலில் இருந்த 492 பேரை மாதக்கணக்கில் துருவியதும் இதற்காகத்தான். அப்படியிருக்க, ஒரு பிள்ளை அதிகாரி முன்னால் “என்ரை பொறுப்பாளர் சொன்னவர்” என்று வாய்விட்டு, அதை உரைபெயர்ப்பாளர் அவசரத்தில் வேறு மாதிரி ஆங்கிலத்தில் போட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இப்படியான ஒரு சொல்லை நாங்களே எழுதிக் கொடுக்கக் கூடாது.

காவல் போல ஒலிக்கிறது என்ற உங்கள் பயம் நியாயம். சட்டவிதி அவருக்கு இடுகிற முதல் நிபந்தனைகளில் ஒன்று, அந்த ஆளின் நலனுக்காக நடக்க வேண்டும், அவருடைய நலனுக்கு முரணான நலன் தனக்கு இருக்கக் கூடாது என்பது. அதை எடுத்து ‘நலன் காப்பாளர்’ என்று வைக்கலாம். முன்னால் நலன் வந்தால் விடுதியும் சிறையும் நினைவுக்கு வராது. ‘பாதுகாவலர்’ என்று மாற்றிவிடாதீர்கள், பள்ளிப் படிவத்தில் பெற்றோருக்குப் பக்கத்தில் இருக்கிற சொல் அது. பிள்ளையை வளர்க்கிற பொறுப்பும் இவருக்கு வந்துவிட்டதென்று நினைப்பார்கள்.

துண்டறிக்கையில் சொல் முதலில் வரும் இடத்தில் இப்படி விரித்து எழுதுங்கள்: “சார்புரைஞர்: உங்கள் வழக்கில் உங்களுக்காகப் பேசுபவர். இவரை நீங்களே தெரிவு செய்யலாம். காசு வாங்குகிறவர் என்றால் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள்.” அடுத்தது, “நலன் காப்பாளர்: 18 வயதுக்குக் குறைந்தவருக்காகவோ, வழக்கை விளங்கிக்கொள்ள முடியாதவருக்காகவோ சபை நியமிப்பவர். இவர் அரசாங்கத்தின் பக்கம் இல்லை. இருவருக்கும் ஒரே கதையை முழுதாகச் சொல்லுங்கள்.”

ஐயா, ஆட்சேபம் இருந்தால் எழுதுங்கள், அச்சுக்குப் போகுமுன் பார்க்கலாம். ‘லீகல் எயிட் சேர்ட்டிபிகேட்’ (லோயரின் செலவை லீகல் எயிட் ஏற்கும் என்று கொடுக்கிற பத்திரம்) என்பதைத் தமிழாக்க வேண்டாம் தம்பி, தமிழ் எழுத்தில் அப்படியே விடுங்கள். தொலைபேசியில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் மற்றப் பக்கத்தில் இருப்பவருக்கு விளங்கும்.